மஞ்சள் தடவிய சிபாரிசுக் கடிதம்

கூடியிருக்கும் பக்தர்களுக்கு நமஸ்காரம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2001-ஆம் வருஷம், டிசம்பர் மாதம். வராகமூர்த்தி கோயில் இருக்கும் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. அதில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா தவறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் எம்.ஏ. முடித்து ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தேன். குழாய் போட்ட ஊரில் தண்ணீர் வராது. கேட்டால் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கைகாட்டும். இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள், எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று படித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அமெரிக்காவில் அதற்கென்றே மேற்படிப்பு இருந்தது. பப்ளிக் பாலிசியும் சர்வதேச உறவுகளும் சேர்ந்தது. "டாக்டரும் இல்லே, இன்ஜினீயரும் இல்லே, அதென்ன படிப்பு?" என்று தெருவில் கேட்பார்கள். "ராஜ்யம் எப்படி நடக்கணும்னு சொல்லித்தர்ற படிப்பு" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள்.

விண்ணப்பத்தோடு மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் போக வேண்டும். அவர்களே கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நான் அதைப் பிரிக்கக் கூடாது. பிரிந்த கவரை ஏற்க மாட்டார்கள். எல்லாவற்றையும் அனுப்பக் கடைசி நாள் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் கூரியரில் சேர்த்தால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். கவர்கள் சுவாமி படத்துக்கு முன்னால் இருந்தன. நாலு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவியிருந்தாள். கல்யாணப் பத்திரிகையோ புது வேஷ்டியோ, நல்ல காரியத்துக்கு எது போனாலும் எங்கள் வீட்டில் மஞ்சள் தடவாமல் போகாது. அம்மா குழைத்த மஞ்சளில் தண்ணீர் கொஞ்சம் அதிகம். இரண்டு கவர் தப்பின. லீலா டீச்சரின் கவரில் மட்டும் பசை விட்டு வாய் திறந்துவிட்டது. மேலே போட்ட கையெழுத்தும் கரைந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "என் கையாலேயே கெடுத்துட்டேனேடி" என்றாள். அவ்வளவுதான். மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். துடைப்பதை நிறுத்தவே இல்லை.

திறந்த கவருக்குள் கடிதத்தின் ஓரம் தெரிந்தது. என்னைப் பற்றி டீச்சர் என்ன எழுதியிருப்பார் என்று பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. சுவாமி எதிரே இருந்தார். தொடவில்லை.

ஆட்டோ பிடித்து இருவரும் டீச்சர் வீட்டுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. டில்லியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார், இப்போதுதான் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கடிகாரத்தைப் பார்த்தேன். வண்டி கிளம்பும் நேரம் ஆகிவிட்டது.

ஸ்டேஷனுக்கே விடச் சொன்னேன். ஆட்டோவில் வராகமூர்த்தியைக் கூப்பிட்டேன். பூமியையே தூக்கினவனுக்கு ஒரு கவர் கனமா என்று சண்டை பிடித்தேன். அப்புறம் பக்கத்தில் அம்மாவைப் பார்த்தேன். கையைப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அந்தக் கையை இனி எதற்கும் நீட்ட மாட்டாளோ என்று பயம் வந்தது. எனக்குச் சீட்டு போனால் போகட்டும், அவள் தன் கையைத் தானே சபிக்கும்படி விட்டுவிடாதே என்று அழுதேன்.

பிளாட்பாரத்தில் வண்டி நின்றிருந்தது. ஏனோ சிக்னல் விழவில்லை. காரணம் எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினோம். டீச்சர் எங்களைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் வாசலுக்கே வந்தார்.

நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மோளே, நீ இது வாயிச்சோ?" என்று, நான் படித்தேனா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்லை டீச்சர், படிக்கலை."

அதற்கு மேல் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அம்மா முன்னால் வந்து இரண்டு கையையும் காட்டினாள். "தப்பு என்னோடது டீச்சர். அவ தொடவே இல்லே."

டீச்சர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அம்மா ப்ரார்த்திச்சதல்லே? அது தெற்றல்ல" என்றார். அது தப்பே இல்லையாம். பிளாட்பாரத்துப் புத்தகக் கடையில் பசை வாங்கிவரச் சொன்னார். கவரை ஒட்டி, பின்பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினார்: 'இவள் தாய் வழிபட்டுத் தடவிய மஞ்சளால் ஒட்டு விட்டது. இவள் கடிதத்தைப் படிக்கவில்லை. அதற்கு நான் பொறுப்பு.' மறுபடி கையெழுத்துப் போட்டார். அவர் உள்ளே போய் உட்கார்ந்தபின் வண்டி நகர்ந்தது.

கூரியரில் சேர்த்தோம். ஏப்ரலில் இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. படித்துத் திரும்பி வந்து, இன்று அதே குடிநீர்த் துறையில்தான் வேலை செய்கிறேன்.

அதற்கு முன்னெல்லாம் சுவாமியிடம் ஆபீஸில் மனு கொடுப்பது மாதிரித்தான் வேண்டுவேன். எனக்கு இது, எனக்கு அது என்று. அன்றோடு அது மாறிவிட்டது. நான் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று, அம்மா தயங்காமல் என் நெற்றியில் கை வைத்து ஆசீர்வதித்தாள். நான் கேட்டது அதைத்தான்.

உங்களில் யாருக்காவது இன்று எல்லாக் கதவும் சாத்தியிருக்கலாம். நம்பிக் கூப்பிடுங்கள். உங்களுக்காகக் கேட்க வாய் வரவில்லையென்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்காகக் கேளுங்கள்.