வைரம் பாய்ந்த கட்டைகள்

லேத் பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பட்டப்பெயர். கடைந்த உருப்படி அளவில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் தூக்கிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். முதலாளியே கெஞ்சினாலும் திரும்ப எடுக்கவிட மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, கோணல்மாணலாக ஒரு மண் வீட்டைக் கட்டிக்கொண்டு குடியிருக்கும் டிராயிங் வாத்தியார் சகலையாக வாய்த்தார்.

மண்ணும் மணலும் வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைத்த சுவர். நடுநடுவே முழ நீளக் கட்டைகளைக் குறுக்காக அடுக்கி, வட்ட முனைகள் உள்ளேயும் வெளியேயும் தெரிய வைத்திருந்தார் வாத்தியார். வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். அதைக்கூட அரைநூல் பொறுத்துக்கொண்டிருப்பார். கடைசி வருடப் பரீட்சைக்குப் படிக்க அந்த வீடுதான் குளுமையாக, அமைதியாக இருக்கிறது என்று பெற்ற மகளே பெட்டியோடு அங்கே போய்விட்டாள். ஒரு வாரம் என்று போனவள் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. போனில் பேசினால் மூச்சுக்கு முந்நூறு தடவை "சித்தப்பா சொன்னாரு". பொறாமையா என்று கேட்டால் அரைநூல் அடிக்க வருவார். பொறாமைதான், வேறென்ன?

அதே மாதிரி, ஆனால் அதைவிட ஒரு படி மேலாக, கொல்லையில் ஓர் அறை கட்டினால் மகள் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். மண்ணைப் பொறுத்தவரை அவரைக் குறை சொல்ல முடியாது. பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களிமண் மேலேயும் தனித்தனியாகப் படியும். எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாத்தியார் ஒரு பாட்டிலில் பார்த்ததை இவர் பன்னிரண்டு பாட்டிலில், ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வினை கட்டையில் வந்தது.

வாத்தியார் போட்டிருந்தது தூக்கினால் கனமே தெரியாத மரம். பட்டை உரித்து, ஒரு வருடம் காயப்போட்டு, வெடிப்பு விட்ட கட்டைகள். தீப்பெட்டிக்கு ஆகிற மரத்தில் வீடு கட்டியிருக்கிறான் பார் என்று மனைவியிடம் சிரித்தார் அரைநூல். இவரோ இடித்த ஆலை ஒன்றின் உத்தரங்களை வாங்கினார். நாற்பது வருடம் கூரைக்கடியில் காய்ந்து வைரம் பாய்ந்தவை. ஒரே அளவாக அறுத்து, லேத்தில் கடைந்து, ஊசி நுழைய இடமில்லாமல் நெருக்கி அடுக்கினார்.

பாதிச் சுவர் எழும்பியிருந்தபோது வாத்தியார் வந்து ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சகலை, இவ்வளவு கனமான மரம், எலும்பா வேற காஞ்சிருக்கு. ஈரக் காத்து பட்டா ஊதி சுவரைத் தள்ளிடும். என்கிட்ட லேசான கட்டை மிச்சம் இருக்கு, எடுத்துக்குங்களேன்."

அரைநூல் சிரித்தபடி காபி கொடுத்து அனுப்பினார். ஆள் தெருமுனை திரும்பியதும், நம்ம சுவரைப் பார்த்து அவனுக்கு வயிறு எரிகிறது என்றார் மனைவியிடம். தான் கள்ளன் பிறரை நம்பான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அறை முடிந்தது. மகளும் வந்தாள். பத்து நாள் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு அறையின் சின்ன ஜன்னலோரம் நடந்து, அவள் படிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. எட்டரைக்கு அரைநூல் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொப்பலாக நனைந்த வாத்தியார் சைக்கிளைச் சாத்திவிட்டு, கையில் கடப்பாரையோடு நேரே கொல்லைக்குப் போனார். என் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறானே என்று சுறுசுறுவென்று கோபம் ஏற, பின்னாலேயே போனார் இவர்.

சுவர் கர்ப்பிணி வயிறாகப் புடைத்திருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்து, கதவு நிலை நெரிபட்டுக் கதவு இறுகிக் கிடந்தது. கம்பி ஜன்னலுக்கு உள்ளே ஹால்டிக்கெட்டோடு மகள் நின்றாள். நிலையை ஒட்டி இரண்டு கட்டைகளை வாத்தியார் நெம்பி எடுத்தார். அவை லேசில் வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மூன்றாவது வந்த பிறகுதான் கதவு அசைந்தது.

"அவருக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் அரைநூல்.

"நான்தான் போன் பண்ணேன்ப்பா."

"நான் இருபதடி தூரத்துலதானேம்மா இருந்தேன்?"

"உங்களைக் கூப்பிட்டா, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி சித்தப்பாவைத் திட்டுவீங்க. எனக்கு இன்னிக்கு நேரமில்லப்பா."

அரைநூல் குனிந்து, கீழே கிடந்த மூன்று கட்டைகளையும் எடுத்து ஓரமாக அடுக்கினார்.

"நீங்க கொண்டுபோய் விடுங்க சகலை, நான் சுவருக்கு முட்டுக் கொடுத்து வைக்கிறேன்" என்றார் வாத்தியார்.

அந்த நல்ல மனசும் அரைநூலுக்கு எரிந்தது. எரிந்தாலும் வண்டியை எடுத்தார். மகள் பின்னால் ஏறி, குடையை விரித்து, அதை அவர் தலைக்குத்தான் பிடித்தாள்.