கோளாறு இல்லை என்று எழுதினேன்

சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவனுக்குத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எனக்கு இருந்தது. இரண்டாயிரத்தைத் தாண்டி ஐந்தாறு வருடம் ஆகியிருந்த நேரம். ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஏழு கம்ப்யூட்டரும் கிழடு. புது மென்பொருள் எதுவும் அவற்றில் ஓடாது. அதனால் கட்டற்ற மென்பொருள்களைத் தேடிப் போட ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம் என்று பல தேசத்து ஆட்கள் கூடி எழுதுகிற சங்கதி அது.

அவற்றில் படம் வரைகிற மென்பொருள் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு புதுப் பதிப்பு வெளிவருவதற்கு முன்னாலும் அதைச் சோதித்துப் பார்க்கத் தன்னார்வலர்கள் வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். நானும் பெயர் கொடுத்தேன். வேலை இவ்வளவுதான்: சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது உடைந்தால், என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்றையும் மின்னஞ்சலில் எழுத வேண்டும். அதைத் திருத்துவது நம் வேலை இல்லை. உடைந்த இடத்தை உடைந்தபடியே காட்டினால் போதும்.

அந்தப் ‘போதும்’ என்பதுதான் என்னால் முடியாமல் போனது.

எங்கள் அப்பா பட்டு நெய்தவர். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார், இரண்டு முனையையும் தேடிப் பிடிப்பார், எச்சில் தொட்டு முடிச்சுப் போடுவார், மறுபடி நெய்யத் தொடங்குவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாது. "இங்கே இழை அறுந்தது" என்று முதலாளியிடம் போய்ச் சொல்கிற நெசவாளி எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். துணியை விரித்தால் முடிச்சு தெரியக் கூடாது. கெட்டிக்காரத்தனம் என்றால் அதுதான். நான் தறியில் உட்காரவில்லையே தவிர, அந்தப் புத்தி என் கையில் அப்படியே இருந்தது.

அந்த மென்பொருளில் ஒரு கோளாறு. நீளமான படத்தை வரைந்து, அதில் உள்ள நிறங்களை நாலைந்தாகக் குறைத்து, பழைய பெயரிலேயே சேமித்தால், படத்தின் கீழ்ப் பாதி கறுப்பாகிவிடும். முதல் தடவை பார்த்தபோது திக்கென்றது. பிறகு புதுப் பெயர் கொடுத்துச் சேமித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சரி, அவ்வளவுதானே என்று அன்றிலிருந்து புதுப் பெயரிலேயே சேமித்தேன். பத்து நாளில் கை தானாக அதைச் செய்தது. கோளாறு என்கிற நினைப்பே போய்விட்டது. இதை நான் யாருக்கும் எழுதவில்லை.

பதிப்பு வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது, குழுவை நடத்தியவர் எல்லோருக்கும் ஒரு கேள்வி அனுப்பினார். படத்தைச் சேமிப்பதில் யாருக்காவது ஏதாவது தொந்தரவு வந்ததா, சின்னதாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று. நான் பெரிய மனுஷன் மாதிரி பதில் போட்டேன். கோளாறு இல்லை, இங்கே எல்லாம் சரியாக ஓடுகிறது.

பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது பெரியவள், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தது. மாமா தறி நெய்தார். அக்கா புடவைக்கு டிசைன் போடுவாள். கட்டம் போட்ட கிராப் தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி அன்னமும் கொடியும் கொண்டுவருவாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை குத்துவார்கள், அட்டை சொன்னபடி தறி நெய்யும். அக்காவின் முந்தானை டிசைனுக்குத் தனி மவுசு இருந்தது. ஆனால் ஜவுளிக்கடை முதலாளிகள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் டிசைனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தாளில் வரைகிறவர்களிடம் வேலை வருவது குறைந்துவிட்டது.

ஒரு கடைக்காரர் மட்டும் அவளை விடவில்லை. "உன் கை எனக்குப் பிடிக்கும்மா. கம்ப்யூட்டர்ல ஒரு முந்தானை போட்டுக் காட்டு. நல்லா வந்துச்சுன்னா கடை டிசைன் மொத்தம் உன்கிட்டயே குடுத்துடறேன்" என்றார். இருபது நாள் அவகாசம்.

அக்கா என்னிடம் வந்தாள். "டேய், எனக்கு அது வருமாடா?" என்று கேட்டாள். வரும் என்று நான் அடித்துச் சொன்னேன். சென்டரில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரைச் சரிசெய்து, மாமாவின் மொபெட்டில் கட்டி, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அப்போதுதான் வெளியான பதிப்பை அதில் ஏற்றினேன். "இத நான்தான் டெஸ்ட் பண்ணேன், கண்ணை மூடிக்கினு வேலை செய்" என்றேன்.

மவுஸைப் பிடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. பிறகு என்னையே மிஞ்சிவிட்டாள். காலையில் சமையலை முடித்து உட்காருவாள், மாமா சாப்பிட வரும்போது எழுந்திருப்பாள். இரண்டு மயில், நடுவில் குடம், சுற்றிலும் மாங்காய். ஒவ்வொரு கட்டமும் ஒரு இழை. ஒரு மயிலை வரைந்து மறுபக்கம் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்குக் கேட்கவில்லை. "ரெண்டு மயிலும் ஒரே மாதிரி முறைச்சுகினு இருந்தா நல்லாவாடா இருக்கும்?" என்று இரண்டையும் தனித்தனியாக வரைந்தாள். தினமும் ஒரே பெயரில் சேமித்து, அதையே ஃப்ளாப்பியிலும் போட்டுவைப்பாள். நிறங்களைக் குறைக்காத வரைக்கும் அதில் ஒரு ஆபத்தும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் டிசைன் முடிந்தது. அட்டை குத்த வேண்டுமானால் நிறங்களை நாலாகக் குறைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று நான்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். புதுப் பெயரில் சேமி என்று எழுதவில்லை. என் கைக்குத் தெரிந்தது என் புத்திக்கு எட்டவில்லை. அக்கா தாளில் உள்ளபடியே செய்தாள், பழைய பெயரில் சேமித்தாள், அதையே ஃப்ளாப்பியிலும் ஏற்றினாள், மூடினாள். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்து பார்த்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டிலிருந்து சென்டருக்கு போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். திரையில் மயில்களின் கொண்டையும் கழுத்தும் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே கறுப்பு. பார்த்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃப்ளாப்பியைப் போட்டேன், அதிலும் கறுப்பு.

அக்கா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எதுனா மாத்தி அழுத்திட்டனாடா?" என்று கேட்டாள்.

மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய் என்று நான் சொன்னபோதும் அவர் கூடவே நின்றவர்தான்.

"அப்படித்தான் இருக்கும். எதையோ மாத்தி அழுத்தியிருப்ப" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் அக்கா.

மறுநாள் கடைக்காரர் வந்தார். பாதிப் படத்தைப் பார்த்துவிட்டு, "பேஜாராப் போச்சேம்மா. கல்யாண ஆர்டர், என்னால நிறுத்த முடியாது" என்றார். திட்டவில்லை. டிசைன் வேலை வெளியூர்க்காரர்களிடம் போய்விட்டது. அந்த வாரமே கம்ப்யூட்டரைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னாள் அக்கா. இன்னொரு தடவை உட்காரு, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று எவ்வளவோ மன்றாடினேன். "என் கைக்கு அது ஒத்துக்காதுடா, விடு" என்றாள். அடுத்த மாதத்திலிருந்து அட்டை குத்துகிற இடத்துக்கு வேலைக்குப் போனாள். யார் யாரோ கம்ப்யூட்டரில் போட்ட டிசைனுக்கெல்லாம் அவள் ஓட்டை குத்தினாள்.

நான் என்ன செய்தேன்? அந்தக் குழுவுக்கு எழுதினேன். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்றையும் ஒழுங்காக எழுதி, இது எனக்கு முன்பே தெரியும், நீங்கள் கேட்டபோது மறைத்துவிட்டேன் என்றும் சேர்த்தேன். முகம் தெரியாத ஆளிடம் உண்மை சொல்ல எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தெளிவாக எழுதியதற்கு நன்றி, சரிசெய்துவிட்டோம் என்று இரண்டு நாளில் பதில் வந்தது. அந்த நன்றியைப் படித்ததும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் பல வருடம் சோதனை வேலை செய்தேன். தூசு விழுந்தால்கூட எழுதி அனுப்புகிறவன் என்று குழுவில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்குச் சொல்லிவிடலாம், அடுத்த ஆடிக்குச் சொல்லிவிடலாம் என்று ஓட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்று நான்கு வருடம் கழித்து மாமா அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தார். பட்டன் போன்தான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் களம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பஸ் வரத் தாமதமாகும் என்று மாமாவுக்குச் சொல்ல வேண்டும். அக்கா பையிலிருந்து போனை எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். பிரித்து, பட்டன் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே அழுத்துடா. நான் தொட்டா எதுனா அழிஞ்சிடும்."

சுற்றிலும் நின்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் வாங்கி, மாமாவின் நம்பரை அழுத்திக் கொடுத்தேன்.