அடுப்பைப் பற்றவைக்கும் முன்

சிவகாசிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஒரு மத்தியானம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நாரணாபுரத்திலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். இரண்டு கைகளும் வெந்திருந்தன. அவள் கணவனும், பட்டாசுக் கம்பெனிக் கணக்கப்பிள்ளையும் கூட வந்தார்கள்.

"சோறு பொங்கையில அடுப்புத் தீ கையில பட்டுருச்சும்மா. அம்புட்டுத்தான்" என்றார் கணக்கப்பிள்ளை. கணவன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். 

வலி அடங்க ஊசி போட வேண்டும். ஊசியைக் கொதிக்க வைக்க, கட்டிலருகே இருந்த ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். வெந்த கையாலேயே அவள் என்னைத் தடுத்தாள். "வேணாம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். இடுப்புச் சேலை மடிப்பெல்லாம் பட்டாசு மருந்துத் தூள்! இது சோற்றடுப்புத் தீ இல்லை, கம்பெனியில் பட்டது. ஒரு பொறி விழுந்திருந்தால் அவளோடு நானும் போயிருப்பேன்.

நான் மருந்தைப் பார்த்துவிட்டதைக் கண்ட கணக்கப்பிள்ளை வாசலை மறித்து நின்றார். "இவுக நாளைக்கும் கம்பெனி வேலைக்கு வரணும். நீங்களும் இங்கனதான இருக்கணும்?"

"சொல்லிராதீகம்மா" என்று கணவன் கும்பிட்டான்.

டாக்டர் வந்ததும் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். வைத்தியம் சரியாக நடந்தது. கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்ததா என்று கேட்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் தீக்காயத்தோடு யார் வந்தாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறேன். துணி மாற்றி, நடந்ததைக் காயம்பட்டவர் வாயாலேயே கேட்ட பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுகிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது ஒரு கணக்கப்பிள்ளை செருமிக்கொண்டேதான் நிற்கிறார்.