டிரம்முக்குப் போட்ட பூஜை

தடாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. உடைத்த சேமியா போல வெள்ளைக் குச்சிகள் மூட்டையில் வரும். அதன் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றிப் புரட்டுவேன். குச்சி குடித்துவிடும். காயவைத்துச் சுட்டால் சரக்கு ரெடி. ஒரு நாள் மாலிப்டினம் உப்பு, ஒரு நாள் டங்ஸ்டன் உப்பு.

சரக்கு எண்ணெய் ஆலைக்குப் போகும். அதன் வழியாக டீசலை விட்டால் கந்தகம் கழன்றுவிடுமாம். கெட்டி எண்ணெய் உடைந்து இளகுமாம். மற்றதையெல்லாம் வேலை வாங்கிவிட்டு குச்சி மட்டும் அப்படியே இருக்குமாம். லேப் மேடம் சொன்னார்.

"எங்க மேஸ்திரி மாதிரியா மேடம்?" என்றேன்.

மேடம் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மேஸ்திரி நகரிக்காரர். "எது எது வேலை செய்யுதோ எல்லாத்துக்கும் பொட்டு வைய்யி. ஒண்ணையும் வுடாத" என்றார். மிஷினுக்கு வைத்தேன். தராசுக்கு வைத்தேன். தள்ளுவண்டிக்கும் வைத்தேன். மிஞ்சியது மாலிப்டினம் தண்ணீர் டிரம். ஈரத்தில் குங்குமம் ஒட்டவில்லை. வேலை செய்வது டிரம் இல்லை, உள்ளே இருக்கிற தண்ணீர்தானே என்று பட்டது. மூடியைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கும்பிட்டேன். மூடினேன்.

லீவு முடிந்து வந்து பார்த்தால், லேசான மஞ்சளாக இருந்த தண்ணீர் நீலமாக நிற்கிறது.

மேனேஜர் எங்களை வரிசையில் நிறுத்தினார். செய்தவனுக்கு இன்றோடு கேட் பாஸ் கட் என்றார். எனக்கு வேறு வேலை தெரியாது.

"எவன்டா சொட்டு நீலம் ஊத்துனவன்?" என்று மேஸ்திரி ஒவ்வொருவர் கையையும் மோந்துகினு வந்தார். எனக்கு அடுத்து நின்றவன் பாக்கெட்டில் பேனா கசிந்திருந்தது. நீல மை. மேஸ்திரி சட்டையைப் பிடித்தார்.

"அண்ணா, இது பேனா அண்ணா!"

"பேனாவாலதான் கலக்குனியா?"

இனி பேசாமல் இருக்க முடியாது. "நான்தான்" என்றேன்.

"என்ன ஊத்துன?" என்றார் மேனேஜர்.

"ஊத்தல சார். பிழிஞ்சேன். எலுமிச்சம்பழம்."

"எதுக்குய்யா?"

"பூஜைக்கு."

"யார் வைக்கச் சொன்னது?"

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துகினு இருந்தார்.

"நிம்மகாயா?" என்று எலுமிச்சையைத் தெலுங்கில் கேட்டார் மேடம். கேன்டீனிலிருந்து ஒரு பழம் வரவழைத்தார். புதிதாகக் கரைத்த மாலிப்டினம் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பிழிந்து, லேசாகச் சூடு காட்டினார். நீலமானது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"எனக்கு இது வேணாம். டிரம் என்ன ஆகும்?" என்றார் மேனேஜர்.

புண் கழுவும் மருந்து இருக்கிறதே, நுரைக்குமே, அந்த ஜாதி மருந்தை மேடம் டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நீலம் வெளுத்து, மஞ்சள் திரும்பியது. சோதித்துப் பார்த்து, சரக்குக்கு ஆகும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேட் பாஸ் தப்பியது. ஆனால் டிரம் பக்கம் நான் போகக் கூடாது. தண்டனையாக லேப்பில் சீசா கழுவச் சொன்னார்கள்.

லேப்பில் ஏசி ஓடுகிறது. மேஸ்திரி தினமும் ஏதாவது கேட்க உள்ளே வருகிறார். கேட்டு முடித்த பிறகும் நிற்கிறார்.