எங்கள் நாற்காலி போன வழி

சித்தூரில் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரிக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. தெரு என்று பெரிதாகச் சொல்கிறேன், மொத்தம் ஆறே வீடு. ஆறும் ஓலைக்கூரை. கடைசி வீடு எங்களுடையது. அதன் கூரைதான் ஆறிலும் மோசம். மழை வந்தால் அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரும் ஒரே மூலையில் ஒண்டுவோம். நைனா ஃபேக்டரியில் வாட்ச்மேன் என்பதால் நனைவதை அங்கேயே நனைந்துகொள்வார்.

திருப்பதியில் ஏதோ ஒரு தர்ம டிரஸ்ட்டாம், ஏழைகள் இருக்கிற தெருவாகப் பார்த்துக் கூரைக்கு ஷீட்டு, பெண்களுக்குத் தையல் மெஷின், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று கொடுக்கிறார்களாம். எங்கள் தெருவைப் பார்க்க ஒரு அம்மா வரப்போவதாகச் சேதி வந்தது. அதோடு நைனா ஃபேக்டரி கேட்டில் இன்னொன்றும் கேட்டுக்கொண்டு வந்தார். நாற்காலி, கட்டில், ரேடியோ என்று எந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் அந்த வீட்டுப் பெயரை லிஸ்ட்டிலிருந்து அடித்துவிடுவார்களாம். அவர் அதை அம்மாவிடம் மட்டும் சொன்னார். பக்கத்தில் படுத்திருந்த என் காதிலும் விழுந்தது. விழுந்ததே தவிர, புத்தியில் ஏறவில்லை. ஒரு அம்மா தனியாகத் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வருவாளா, கையில் வாட்ச் கட்டியிருப்பாளா என்கிற யோசனைதான் எனக்கு.

அந்தத் தெருவிலேயே நாற்காலி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். ஃபேக்டரி மேனேஜர் வேண்டாம் என்று ஒதுக்கியதை நைனா தூக்கிக்கொண்டு வந்திருந்தார். இரும்பு மடக்கு நாற்காலி. உட்கார்ந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும்.

அந்த அம்மா வருகிற அன்று காலையில் எங்கள் அம்மா அதைத் துடைத்து, முதல் வீட்டுப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வர்றவங்க தரையில குந்தினா நம்ம தெருவுக்குத்தானக்கா அசிங்கம்? உன் வூட்ல குந்தி எழுந்ததும் பின்பக்கமா தள்ளி வுட்டுடு. எம்பொண்ணு அடுத்த வூட்டுக்குத் தூக்கிக்கினு போவா."

பெரியம்மா என் அம்மாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று அடுத்த வீட்டுக்காரியிடமும் சொன்னாள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அஞ்சாவது வீட்டோடு நாற்காலியை விட்டுவிட வேண்டும், நம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். ஏன் என்று கேட்டேன். சொன்னதைச் செய் என்றாள்.

வந்த அம்மா நிஜமாகவே வாட்ச் கட்டியிருந்தாள். அவள் வாசல் வழியாக வீடு வீடாக நுழைய, நான் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். எந்த வீட்டுக்குள் கிறீச்சென்றாலும் எனக்குள் ஒரு பெருமை. ஐந்தாவது வீட்டில் அவள் எழுந்தபோதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. ஊரார் வீட்டில் எல்லாம் நம் நாற்காலியில் உட்கார்ந்தவள், நம் வீட்டில் மட்டும் கோணிச்சாக்கிலா உட்காருவாள்? அம்மா மறந்துதான் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று நானே முடிவு செய்து, தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, உள்ளே நுழைந்த அந்த அம்மா முன்னால் விரித்துப் போட்டேன்.

அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தாள். அதன் முதுகில் உரிந்திருந்த பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆறு இல்லுலயும் இதே சேர்தானா? இது யார்து பாப்பா?" என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டாள்.

வேற்று மனிதர்கள் முன்னால் வாயே திறக்காதவள் நான். அன்று திறந்தேன். "எங்களுது."

அம்மாவின் முகம் சாம்பலாகப் போயிற்று. தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அந்த அம்மா நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, சாக்கிலேயே உட்கார்ந்தாள். மாங்காய் சீசன் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மாங்காய்ப் பால் பட்டு வெந்துபோயிருந்த தன் விரல்களை அம்மா பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"மூணு மாசம் ஃபேக்டரில மாங்கா சீவுவோம்மா. அப்பால சும்மாதான் குந்திகினு இருக்கணும். சீவுற நாள்ல கொழந்தய இவதான் தூக்கிக்கினு இருப்பா. எங்கருந்து பள்ளிக்கூடம் அனுப்பறது?"

அந்த அம்மா நிறைய எழுதினாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தெலுங்கு, தமிழ் இரண்டுமே அப்போது எனக்கு ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பல நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பெயரை அடித்திருப்பாளா என்று நைனாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

மழைக்கு முன்னால் லாரி வந்தது. ஆறு வீட்டுக்கும் ஷீட்டு. தெரு முனையில் ஒரு கொட்டகை போட்டு, ஒரு பக்கம் நாலு தையல் மெஷின், மறுபக்கம் ஒரு டீச்சர், நடுவில் குழந்தைகளுக்குத் தூளி கட்ட ஒரு கம்பி. நான் அஞ்சாவது வரை படித்தது அந்தக் கொட்டகையில்தான். மாங்காய் இல்லாத மாதங்களில் அம்மா பாவாடை தைத்ததும் அங்கேதான்.

ஷீட்டு இறக்கிய அன்று திருப்பதி அம்மாவும் வந்திருந்தாள். பெரியம்மா எங்கள் வாசலில் நின்று, "இன்னாடி உள்ளயே குந்திக்கினு கீற? உன் சேர் வந்த நேரம்தாண்டி எங்களுக்கெல்லாம் கூரை வந்துச்சு. வந்து முன்னால நில்லு" என்று கூப்பிட்டாள். மற்ற வீட்டுக்காரிகளும் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள். தெருவிலேயே அந்த ஷீட்டுக்கு அதிகம் ஏங்கியவள் எங்கள் அம்மாதான். அவள் வெளியே வரவில்லை. நைனாவை அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஏம்மா என்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

நான் சுக்கை இழைத்து அவள் நெற்றியில் பற்றுப் போட்டேன். இரண்டு நாள் ஆகியும் வலி விடவில்லை. பழைய சுக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.