நீலக் கோப்புப் பெண் குடியிருந்த வீடு

சின்னவள் தலைகீழாக நின்று வாங்கியவை இவை. மழை பெய்தால் வகுப்பு நடக்காத பள்ளிக்கூடத்தில் படித்து, இறுதித் தேர்வில் கணக்குக்குத் தொண்ணூற்றிரண்டு. தட்டச்சில் இரண்டு சான்றிதழ். இரண்டாவதற்கு மூன்று தடவை உட்கார்ந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பொட்டலக் கிடங்கில் இரண்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்த பிறகு, தனக்கென்று ஒரு நாற்காலியும் மேசையும். கழுத்தில் மாட்டிக்கொள்ள, படம் ஒட்டிய அடையாள அட்டை. அவர்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது.

அவர்கள் தெரு ரயில் பாதைக்குக் கீழே இருந்தது. அந்தப் பகுதியைப் பள்ளம் என்பார்கள். பாதைக்கு மேலே இருப்பது மேடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுரங்க நடைபாதை, நூற்று நாற்பது தப்படி நீளம். எண்ணியது பெரியவள், சின்னவளின் அக்கா.

பெரியவளுக்கு எண்ணுவதுதான் பிழைப்பு. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் எத்தனை விரிப்பு சலவைக்குப் போனது, எத்தனை திரும்பியது, எத்தனையில் கறை போகவில்லை என்று எழுதுகிறவள். எட்டாவதோடு படிப்பு நின்றாலும் எண்ணிக்கையில் ஒரு தலையணை உறைகூடப் பிசகியதில்லை. தங்கை வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களையும் அப்படித்தான் எண்ணினாள். முப்பத்தொன்று. ஒன்றுக்கும் உருப்படியான பதில் இல்லை.

முப்பத்திரண்டாவதைப் பெரியவளே தன் கையால் எழுதினாள். பள்ளம் என்று எழுத வேண்டிய முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. துணிக்கிடங்கின் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தாள். எப்போது பார்த்தாலும் மொடமொடவென்று உடுத்திக்கொண்டு வருவதால் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். மேட்டில் தனி வீட்டில் தனியாளாக இருந்தாள்.

"என் வீட்டு முகவரியைப் போடேன். எழுதினா சுவர் தேய்ஞ்சா போயிடும்?"

ஒன்பதாம் நாள் நகர ஆய்வு மையத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சின்னவள் சேர்ந்தாள்.

நாலு வருடம் எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு மையம் புதிதாக ஓர் ஆய்வை எடுத்தது. ஒரே வேலைக்கு இரண்டு விண்ணப்பம் போட வேண்டும். படிப்பு, அனுபவம், வயது எல்லாம் ஒன்று. முகவரி மட்டும் ஒன்றில் மேடு, ஒன்றில் பள்ளம். யாருக்குப் பதில் வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பெண்களும் காகிதத்தில் மட்டும் இருப்பவர்கள். மேட்டுப் பெண்ணுக்கு நீலக் கோப்பு, நீல உறை போட்ட தொலைபேசி. பள்ளத்துப் பெண்ணுக்கு இரண்டும் சிவப்பு. அவர்களுக்குக் கொடுக்க ஒரு வாழ்க்கை வேண்டுமே. சின்னவள் தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தாள். தொண்ணூற்றிரண்டு, இரண்டு சான்றிதழ், பொட்டலக் கிடங்கு. பெயர் மட்டும் கற்பனை.

"நீலம் அடிக்குதா?" என்று தினம் கேட்பாள் பெரியவள்.

"வாய் ஓயாம அடிக்குது. எடுத்து, வேற இடத்துல சேர்ந்துட்டேன், மன்னிக்கணும்னு சொல்லணும்."

"சிவப்பு?"

"அதுக்குச் சார்ஜ் மட்டும் ஏறுது."

இருவரும் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் கஞ்சியக்கா ஒரு கடித உறையைத் துணிக்கிடங்குக்குக் கொண்டுவந்தாள்.

"என் வீட்டுல யாரோ குடியிருக்கா, எனக்கே தெரியாம. இது நாலாவது லெட்டர். நேத்து ஒரு ஆபீஸ்காரர் வாசலுக்கே வந்து, பொண்ணு இருக்காளான்னு கேட்டார். இல்லைன்னேன். அவர் என் தோளுக்குப் பின்னால உள்ளே பார்த்தார். அவர் போனதும் நானும் திரும்பிப் பார்த்தேன்டி."

உறையின் மேலிருந்த பெயரைப் பெரியவள் வாசித்தாள். நீலக் கோப்புக்குச் சின்னவள் வைத்த பெயர்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள். சின்னவள் மறைக்கவில்லை. நீலக் கோப்புக்காக மேட்டில் மையம் பேசி வைத்திருந்த வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போய்விட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வேறு முகவரி வேண்டும் என்றார்கள். "யோசிக்கவே இல்லக்கா. மேட்டுல எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது அது ஒண்ணுதான். கை தானா எழுதிடுச்சு."

அதன்பிறகு சின்னவளிடம் ஏதோ மாறியது. முன்பு அவளை வாசலிலேயே நிறுத்தி, வீடு எங்கே என்று கேட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பிய உதிரிபாகக் கம்பெனி மேலாளர் நீலத்தைக் கூப்பிட்டார். அன்று வாசலில் கேட்ட அதே இருமல். "எப்ப வர சௌகரியம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். சின்னவள் அவருக்கும் மன்னிப்புக் கேட்டு வைத்தாள். அன்று அடுப்படியிலிருந்து பெரியவள் ஏதோ கேட்டதற்கு, "சொல்லுங்க, நான்தான் பேசுறேன்" என்று பதில் வந்தது. வழவழப்பான, அவசரமில்லாத குரல். பெரியவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எட்டிப் பார்த்தாள். தங்கை தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். தான் பேசியது அவளுக்கே தெரியவில்லை.

பெரியவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பேருந்தில் மேட்டு நிறுத்தத்தில் இறங்கும் பெண்களில் தங்கையின் உயரம், தங்கையின் நடை உள்ள ஒருத்தியைத் தேடினாள். ஒரு நாள் கண்டும்விட்டாள். அந்தப் பெண் கஞ்சியக்காவின் தெருவுக்குள் திரும்பினாள். பின்னாலேயே இறங்கி ஓடிப் பார்த்தபோது தெருவில் ஆளே இல்லை.

ஆய்வு முடியும் தறுவாயில் ஆய்வுத் தலைவி பதிவுகளைச் சரிபார்த்தார். நீலக் கோப்பின் முகவரியும் சின்னவளின் பணிக் கோப்பில் இருந்த முகவரியும் ஒன்றாக இருந்தன. அவர் சிரித்தாராம். "அவசரத்துல உன் வீட்டையே போட்டுட்டியா? பரவாயில்லை. இது என் வீடுன்னு எழுதி, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் குடு. போதும்."

"அப்ப தொல்லை விட்டுது" என்றாள் பெரியவள். "அவங்களே வழி காட்டிட்டாங்க. எழுதிக் குடுத்துடு."

"அது என் வீடு இல்லையே."

"நாலு வருஷமா அதுதானே உன் வீடு? பொய்யுன்னு தெரிஞ்சா சேர்ந்ததே செல்லாதுன்னு வெளியே தள்ளிடுவாங்க. மறுபடி கிடங்குல போய் நிப்பியா?"

சின்னவள் சொன்னாள்: "அந்த வீட்டுல இருக்கறவளுக்கு நாற்பத்தேழு பதில் வந்திருக்குக்கா. பள்ளத்துல இருக்கறவளுக்கு அஞ்சு. ரெண்டு பேரும் நான்தான். அது என் வீடுன்னு எழுதிட்டா, இந்த அஞ்சும் யாரோடது?"

கஞ்சியக்காவிடம் போய்ப் புலம்பினாள் பெரியவள். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்" என்றாள் கஞ்சியக்கா, விரிப்பை மடித்தபடி. "ஆனா ஒண்ணு. அந்தப் பேயை முதல்ல கூட்டிவந்தது உன் தங்கச்சி இல்லடி. நாம ரெண்டு பேரும்."

அன்று பெரியவளின் எண்ணிக்கையில் ஆறு விரிப்பு பிசகியது.

கஞ்சியக்கா சொன்னது சரிதான். முப்பத்திரண்டாவது விண்ணப்பத்தில், கஞ்சியக்கா வீட்டில் குடியிருக்கும் ஒருத்தியை முதலில் எழுதியது பெரியவளின் கை. வேலைக்குச் சேர்ந்தது அந்த ஒருத்தி. அவளுடைய நாற்காலியில் தங்கை நாலு வருடம் இரவல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை பெரியவள் கூடவே போனாள். ஆய்வுத் தலைவியின் மேசைமுன் தங்கையை முந்திக்கொண்டு, "எழுதினது நான்தாங்க, மேடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "அக்கா, நீ உக்காரு."

காகிதத்தை அவளே நிரப்பினாள். பள்ளத்துத் தெரு, கதவு எண், முன்பு போட்ட முகவரி யாருடையது, ஏன் போட்டது, அதற்கு முன் போன முப்பத்தொன்று எங்கெங்கே போயின. ஆய்வுத் தலைவி எதிரிலிருந்து தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்து, பாதியில் கை நீட்டித் தாளின் ஓரத்தை அழுத்தினார்.

"கையெழுத்துப் போட்டா இது மேலே போகும். என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது. இன்னும் போடலை. யோசிச்சுக்கோ."

பள்ளிக்கூடத் தாளிலிருந்து சம்பளச் சீட்டுவரை சின்னவள் கையெழுத்து என்று போட்டதெல்லாம் ஒரு கோடும் இரண்டு சுழியும்தான். கோழி கிளறினாற்போல இருக்கிறதே என்று திட்டினால், யாரென்று தெரியாமல் இருந்தால் நல்லதுதானே என்பாள். அன்று பேனாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

அதன்பிறகு பத்தொன்பது நாள் வேலையை நிறுத்தி வைத்தார்கள். இருபதாம் நாள் கூப்பிட்டு, கீழ்நிலைப் பதவி ஒன்றில் புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள். நாலு வருடச் சேவை கணக்கில் வராது என்றார்கள். தொலைபேசிகளை அணைத்து அலமாரியில் பூட்டிய பிறகும் கஞ்சியக்கா வீட்டுக்கு இரண்டு கடிதம் வந்தன. அவள் பிரிக்கவில்லை. ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்த முன்னறையில் இப்போது விளக்கை அணைப்பதில்லை என்கிறாள்.

கையெழுத்துப் போட்ட நாளைப் பெரியவள் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறாள்: மார்ச் பதினாறு, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்து.