அண்ணா கேட்ட எட்டுச் சோடிச் சப்பாத்து

நினைவு மலருக்காக அண்ணாவின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து கடைசி நாள்வரை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவரின் கடைசி இரண்டு ஆண்டுகள் எனக்குத் தெரியாது. தெரியும் என்றுதான் போன மாதம்வரை நினைத்திருந்தேன்.

பருத்தித்துறையில் எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணா. அப்பா காலமானபின் குடும்பத்தைத் தாங்கியவர். சிட்னிக்குப் படிக்க வந்து, பகலில் பல்கலைக்கழகம், மாலையில் தொழிற்சாலை என்று அலைந்து பொறியியலாளரானார். நான் கலியாணமாகி சிட்னியின் மெரிலேண்ட்ஸுக்கு வந்தபோது ரயில் ஏறப் பழக்கியவரும் அவரே. ரத்தம் கண்டால் மயங்கிவிடுவார். குசினியில் என் விரல் வெட்டுப்பட்டபோது நான்தான் அவருக்குத் தண்ணீர் தெளித்தேன்.

பிறகு குவைத்தில் வேலை என்று போனார். வெயில், மணல், சாப்பாடு சரியில்லை என்று ஒழுங்காகக் கடிதம் வரும். ஊருக்குத் திரும்பிக் கட்டட வேலை எடுத்திருப்பதாகவும், தனக்கும் வேலையாட்களுக்குமாக எட்டுச் சோடி தடித்த தோல் சப்பாத்து அனுப்பும்படியும் எழுதினார். அளவுகளையும் குறித்திருந்தார். உன் கணவர் உதைபந்தாட்டக் குழு நடத்துகிறாரா என்று கடைக்காரர் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டு பொதி கட்டுவித்தேன்.

போன மாதம் அண்ணா இறந்த செய்தியோடு அம்மாவின் கடிதம் வந்தது. அண்ணா குவைத்தில் இருக்கவேயில்லை. லெபனானில் வேறொரு சனத்தின் போரில் நின்று ஆயுதம் பழகி, ஊரில் இயக்கம் தொடங்கியவர்களுக்குப் பழக்கத் திரும்பியிருக்கிறார். என் அண்ணாவா? நான் வாங்கி அனுப்பிய சப்பாத்தோடா காட்டுக்குள் நடந்தார்கள்? அந்த ஏழு பேரின் பெயர் எனக்குத் தெரியாது, கால் அளவு மட்டும் தெரியும். கடிதத்தை என் கணவர் வந்து வாங்கி வாசித்தார்.

தப்பிய அந்த ஏழு பேரில் ஒருவர் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்: "அம்மா, லெபனானிலை கனபேர் பின்வாங்கத் தெரியாமல்தான் செத்தவை எண்டு அண்ணை சொல்லுவார். எங்களுக்கு முதல் பழக்கினதும் அதைத்தான். ஆமி சுத்தி வளைச்ச அண்டைக்கு எங்களைப் போகச் சொல்லிப்போட்டு அவர் நிண்டிட்டார்."

"அவன் அண்டைக்குச் சாப்பிட்டவனோ?" என்று அம்மா கேட்டாராம். வந்தவர் அழுதாராம்.

அண்ணாவின் உடல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் எங்கள் வீட்டுக்கு வந்து தேவாரம் பாடிய அன்ரி, அங்கிள்மாருக்கும், பக்கத்து டூங்கபியிலிருந்து ஒரு கிழமை சமைத்து அனுப்பிய குடும்பத்துக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அவர் போன பாதையை நான் ஏற்கவில்லை. எங்களிடம் சொன்ன பொய்யை மன்னிக்கவும் முடியவில்லை. இந்த மலர் எப்படியும் உங்கள் ஏழு பேரின் கைக்கும் வந்து சேரும். தம்பிமாரே, உங்கள் அம்மாமாரிடம் போங்கள். அடுத்த சண்டைக்காகத்தான் அண்ணா உங்களைப் பின்வாங்கச் சொன்னார் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அவரின் தங்கை. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.